பண்டிதா ரமாபாய்: புனே ஒதுக்கிவைத்த எழுத்தாளர், அவர் யாருக்காக எழுதினார்?

சென்னையிலிருந்து புனேவுக்கு ரயிலில் போகிறவர்கள் தௌண்ட் ஜங்ஷன் தாண்டியதும் பைகளை இறக்கி வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கடைசிக் கட்டப் பயணத்தில் கேட்காவ் என்றொரு சின்ன ஸ்டேஷன் வரும். பலர் பெயர்ப் பலகையைக்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஊரில்தான் 1900 வாக்கில் ஏறக்குறைய 2,000 பெண்களும் குழந்தைகளும் ஒரே வளாகத்தில் தங்கிப் படித்தார்கள், தறி ஓட்டினார்கள், அச்சு கோத்தார்கள். அதை நடத்தியவர் பண்டிதா ரமாபாய். விதவைகளுக்காகப் பாடுபட்ட சமூக சீர்திருத்தவாதி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். போட்டித் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு 'சாரதா சதன், 1889' என்பதும் நினைவிருக்கலாம்.

ஆனால் அந்த ஒற்றை வரியில் விடுபட்டுப் போவது ஒன்று உண்டு. ரமாபாய் அடிப்படையில் ஓர் எழுத்தாளர். அவர் தொடங்கிய ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் ஒரு புத்தகம் இருந்தது. இங்கிலாந்து போகப் பணம் சேர உதவியது ஒரு புத்தகம். பள்ளி தொடங்க வழிசெய்தது இன்னொரு புத்தகம். அவருடைய கடைசி 18 ஆண்டுகளை எடுத்துக்கொண்டது மற்றொன்று.

யார் இந்த ரமாபாய்?

1858 ஏப்ரல் 23 அன்று, இன்றைய கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பகுதியில் பிறந்தார். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே, சித்பாவன் பிராமணர், சம்ஸ்கிருத அறிஞர். மனைவி லட்சுமிபாய்க்கு அவர் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். பெண்ணுக்கு எதற்கு அந்தப் படிப்பு என்று சொந்த சமூகமே எதிர்த்தது. அவர் மசியவில்லை. காட்டுக்குள் போய்க் குடியேறி, அங்கேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

ரமாபாய்க்கு சம்ஸ்கிருதம் கற்றுக்கொடுத்தது அம்மா. பள்ளிக்கூடம் கிடையாது. கடன் ஏறி, சொத்து கரைந்த பிறகு குடும்பமே யாத்திரை கிளம்பியது. கோயில்களிலும் குளக்கரைகளிலும் புராணம் வாசித்து, அதற்குக் கிடைப்பதை வைத்துச் சாப்பிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இதுதான் வாழ்க்கை.

1870களில் பஞ்சம் வந்தது. அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் அலைந்துகொண்டிருந்த அந்தக் குடும்பம் நகையை விற்றது, பாத்திரங்களை விற்றது, கடைசியில் இலை தழைகளைத் தின்றது. கூலி வேலைக்குப் போக சாதிப் பெருமை விடவில்லை. 1874-ல் அப்பா இறந்தார். கொஞ்ச காலத்தில் அம்மாவும், பிறகு மூத்த அக்காவும் போய்விட்டார்கள். மிஞ்சியது ரமாபாயும் அண்ணன் சீனிவாசும்தான். இந்த நாட்களைப் பற்றி 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1897-ல், தன் பஞ்ச அனுபவங்கள் என்று அவரே எழுதினார். பசியோடு சேர்த்து, உழைக்கவிடாமல் தடுத்த அந்த சாதிப் பெருமையையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கல்கத்தா எப்படி அவரை 'பண்டிதா' ஆக்கியது?

அண்ணனும் தங்கையும் பெரும்பாலும் நடந்தே இந்தியாவைச் சுற்றி 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். இருபது வயசுப் பெண் சம்ஸ்கிருத சுலோகங்களை மனப்பாடமாகச் சொல்வதும், அந்த மொழியிலேயே உரையாடுவதும் நகரத்தில் பேச்சானது. அறிஞர்கள் கூடி அவரைச் சோதித்தார்கள். 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்கள் கிடைத்தன.

1880-ல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டு, சில்ஹட்டைச் சேர்ந்த வக்கீல் பிபின் பிஹாரி தாஸ் மேதாவியைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை வங்காளி, வேறு சாதி. கல்யாணம் மதச் சடங்கு இல்லாத பதிவுத் திருமணம். 1880-ஐ நினைத்துப் பார்த்தால், இதில் எது பெரிய மீறல் என்று சொல்வதே கஷ்டம். 1881-ல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. 23 வயசில் ரமாபாய், கைக்குழந்தையுடன் ஒரு விதவை.

1882: புனேவில் முதல் புத்தகம்

அந்த ஆண்டே அவர் புனே வந்தார். சில மாதங்களுக்குள் நடந்தவற்றைப் பாருங்கள். பெண்களுக்காக ஆர்ய மகிளா சமாஜைத் தொடங்கினார். கல்வி நிலையை ஆராய வந்த ஹன்டர் கமிஷன் முன்பு சாட்சியம் சொன்னார். பெண் குழந்தைகளுக்குப் பெண் ஆசிரியர்கள் வேண்டும், பெண் நோயாளிகளுக்குப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கை. கூடவே 'ஸ்த்ரீ தர்ம நீதி' என்ற மராத்திப் புத்தகத்தையும் வெளியிட்டார்.

இன்று அந்தப் புத்தகத்தை எடுத்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். சம்ஸ்கிருதம் நிறைந்த கனமான மராத்தி. பெண்கள் படிக்க வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும் என்பதோடு, ஒழுக்கம், வீட்டு நிர்வாகம், குழந்தை வளர்ப்பு என்று அறிவுரை நீள்கிறது. பெண்களின் நிலைக்குப் பெண்களையே கடிந்துகொள்ளும் தொனியும் உண்டு. அதே 1882-ல் தாராபாய் ஷிண்டே, ஆண்களின் இரட்டை அளவுகோலை நேருக்கு நேர் சாடி 'ஸ்த்ரீ புருஷ துலனா' எழுதியிருந்தார். பக்கத்தில் வைத்துப் படித்தால் ரமாபாய் எவ்வளவு நிதானமாகப் பேசியிருக்கிறார் என்பது தெரியும்.

காரணம் எளிது. அவர் மனதில் இருந்த வாசகர்கள் புனேயின் உயர்சாதிக் குடும்பப் பெண்களும், அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் அனுமதிக்க வேண்டிய அவர்களின் கணவர்களும். அவர்களுக்குப் புரியும், அவர்கள் ஏற்கும் மொழியில் எழுதினார். புத்தகம் விற்றது. அந்தப் பணம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற உதவியது.

மதம் மாறியது ஏன் இவ்வளவு சிக்கலானது?

1883-ல் மகளுடன் இங்கிலாந்து போனார். மருத்துவம் படிப்பதுதான் திட்டம். ஆனால் காது சரியாகக் கேட்கவில்லை, அந்தக் கதவு மூடிக்கொண்டது. வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிகன் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் தங்கியிருந்தவர், 1883 செப்டம்பர் 29 அன்று ஞானஸ்நானம் பெற்றார். பிறகு செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சம்ஸ்கிருதம் கற்பித்தார்.

புனேவில் அதிர்ச்சி, கோபம். புராணம் சொல்லி வளர்ந்த, சாஸ்திரம் கரைத்துக் குடித்த பெண்ணே போய்விட்டாளே என்ற ஆத்திரம். வெளிப்படையாக அவர் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் ஜோதிராவ் புலே.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கமும் சுமுகமாக இல்லை. ரமாபாய் சைவ உணவை விடவில்லை. திருச்சபை சொல்வதையெல்லாம் கேள்வி இல்லாமல் ஏற்கவும் தயாராக இல்லை. திரித்துவம் போன்ற அடிப்படைக் கோட்பாடுகளிலேயே சந்தேகம் எழுப்பினார். அவர் ஆண் மாணவர்களுக்குக் கற்பிக்கலாமா என்று பிஷப்புகள் தயங்கியபோது, தன் சார்பில் முடிவெடுக்க இவர்கள் யார் என்ற தொனியில் பதில் எழுதினார். சிலுவையில் லத்தீன் வாசகம் எதற்கு, சம்ஸ்கிருதத்தில் இருக்கட்டும் என்றார். பல ஆண்டுகள் நீண்ட இந்தக் கடிதப் போக்குவரத்து 1977-ல் புத்தகமாக வந்தது. அவர் எழுதியவற்றில் விறுவிறுப்பாகப் படிக்கக் கூடியது எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வேன்.

1887: சென்சஸை வைத்து ஒரு வாதம்

1886-ல் அமெரிக்கா போனார். உறவினர் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் வாங்கும் விழாவைப் பார்க்கத்தான் போனது. கொஞ்ச நாள் பயணம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. ஆனந்திபாய் நாடு திரும்பி 1887 பிப்ரவரியில், 21 வயசில், புனேவில் இறந்துபோனார். அதே ஆண்டு ரமாபாயின் 'தி ஹை காஸ்ட் ஹிந்து உமன்' பிலடெல்பியாவில் வெளியானது. இது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சமர்ப்பணம், சம்ஸ்கிருதம் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு.

புள்ளிவிவரங்களோடு வேலை செய்கிற யாருக்கும் இந்தப் புத்தகம் பிடித்துப்போகும். அமைப்பே ஒரு நல்ல ரிப்போர்ட் மாதிரி. குழந்தைப் பருவம், திருமண வாழ்க்கை, மதத்திலும் சமூகத்திலும் பெண்ணின் இடம், விதவை நிலை, இதனால் சமூகத்துக்கு என்ன இழப்பு, கடைசியில் ஒரு கோரிக்கை. ஒரு பெண்ணின் ஆயுளை அத்தியாயம் அத்தியாயமாகப் பின்தொடர்கிறது.

வாதத்துக்கு அவர் பிடித்துக்கொண்டது சென்சஸை. பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த ஏறக்குறைய 10 கோடிப் பெண்களில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 2 லட்சம் பேர்தான் என்று காட்டுகிறார். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர். ஆண்களைவிடப் பெண்கள் 50 லட்சத்துக்கும் மேல் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஏன் என்று கேட்கிறார்.

இன்னொரு தகவல் படித்தால் மறக்காது. அமிர்தசரஸில் ஒரே ஆண்டில் 300 குழந்தைகளை ஓநாய்கள் தூக்கிப் போய்விட்டதாக 1870-ம் ஆண்டு சென்சஸ் சொல்கிறது. அந்த 300 பேரும் பெண் குழந்தைகள். இதை எடுத்து வைத்துவிட்டு ரமாபாய் பெரிதாக விளக்கம் சொல்வதில்லை. ஓநாய் எப்படி ஆண், பெண் பார்த்துத் தூக்கும் என்று வாசகரே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். அரசாங்கத் தரவில் யாரோ பொய்க் காரணம் எழுதியிருக்கிறார்கள் என்பதை, அந்தத் தரவை வைத்தே காட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

குறையும் உண்டு. தலைப்பே சொல்வது போல, இது உயர்சாதிப் பெண்ணைப் பற்றியது மட்டும்தான். மற்ற சாதிப் பெண்களின் உழைப்பும் துன்பமும் இதில் அநேகமாக இல்லை. தவிர, அமெரிக்க கிறிஸ்தவ வாசகர்களிடம் நிதி கேட்டு எழுதிய புத்தகம் என்பதால், இந்தியாவை வெளிநாட்டாரிடம் மோசமாகக் காட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

ஆனால் கோரிக்கை தெளிவாக இருந்தது: பெண்களுக்குத் தன்னம்பிக்கை, கல்வி, சொந்த நாட்டுப் பெண் ஆசிரியர்கள். புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது. 1887 டிசம்பரில் பாஸ்டனில் ரமாபாய் அசோசியேஷன் உருவானது. விதவைகளுக்கான பள்ளி ஒன்றுக்குப் பத்து ஆண்டுகள் பணம் தருவதாக ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவைப் பற்றி மராத்தியில் எழுதியது ஏன்?

1889-ல் நாடு திரும்பியதும் அவர் வெளியிட்டது அமெரிக்க மக்களின் வாழ்க்கை பற்றிய மராத்திப் பயண நூல். பலரும் கவனிக்காத விஷயம் இது. வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்து பார்த்து, இந்தியர்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த காலம். இவர் அங்கே போய் அவர்களைப் பார்த்து எழுதினார்.

அரசாங்கம், வீடு, கல்வி, மதம், பெண்கள் என்று தலைப்பு தலைப்பாகப் போகிறது. பெண்கள் சங்கம் அமைத்துச் செயல்படுவதை வியக்கிறார். பிரிட்டனின் பிடியிலிருந்து விடுபட்ட நாடு என்பதை வாசகர் கவனிக்கும்படி சொல்கிறார். கறுப்பின மக்கள் மீதான பாகுபாட்டையும், அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு நடந்த அநீதியையும் விட்டுவிடவில்லை. அமெரிக்கர்களுக்கு இந்தியாவை விளக்கியவர், இப்போது மராத்தி வாசகர்களுக்கு அமெரிக்காவை விளக்கினார். மொழியும் 'ஸ்த்ரீ தர்ம நீதி'யைவிட இலகுவாகிவிட்டது.

சாரதா சதனும் 1893 சர்ச்சையும்

1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறக்கப்பட்டது. விதவைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. அடுத்த ஆண்டு புனேவுக்கு இடம் மாறியது. மத போதனை கிடையாது, அவரவர் வழக்கப்படி இருக்கலாம் என்பது ஏற்பாடு. எம்.ஜி. ரானடே, ஆர்.ஜி. பண்டார்கர் போன்ற பெரிய மனிதர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், ரமாபாயும் மகளும் செய்யும் பிரார்த்தனையில். அறைக் கதவு திறந்தே இருக்கும். சில மாணவிகள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ரமாபாய் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இது மதமாற்றத்துக்கான வழி என்று திலகரின் 'கேசரி' தாக்கியது. 1893-ல் ஆலோசனைக் குழுவினர் விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாணவிகளைக் குடும்பத்தினர் அழைத்துப் போய்விட்டார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? மத விஷயத்தில் நடுநிலை என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்ததால், பெற்றோரின் சந்தேகத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. பிற்பாடு மாணவிகளில் சிலர் மதம் மாறவும் செய்தார்கள். அதே நேரம், இளம் விதவைகளுக்குப் புனேவில் வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. பள்ளியிலிருந்து எடுக்கப்பட்ட பெண்களில் பலருக்கு அத்தோடு படிப்பு முடிந்தது.

அதே 1893-ல் இன்னொன்றும் நடந்தது. சாரதா சதனின் முதல் விதவை மாணவி கோதுபாயை, கணிதப் பேராசிரியர் டி.கே. கார்வே மறுமணம் செய்துகொண்டார். கார்வே 1896-ல் புனேவில் விதவைகளுக்கான இல்லத்தையும், 1916-ல் பெண்கள் பல்கலைக்கழகத்தையும் தொடங்கினார். இன்றைய எஸ்.என்.டி.டி பல்கலைக்கழகத்தின் வேரைத் தேடிப்போனால் சாரதா சதன் வகுப்பறைக்கும் ஓர் இழை போய்ச் சேரும்.

கேட்காவ்: வாசகர்கள் மாறினார்கள்

1896-ல் மத்திய இந்தியாவில் பஞ்சம். செய்தி கேட்டதும் ரமாபாய் கிளம்பிவிட்டார். சின்ன வயசில் பட்டினி கிடந்து அப்பா அம்மாவை இழந்தவருக்கு அது வெறும் செய்தியாக இருந்திருக்காது. நூற்றுக்கணக்கான சிறுமிகளை அழைத்து வந்தார். புனேவில் பிளேக் பரவி, நகரத்துக்குள் அத்தனை பேரைத் தங்கவைக்க முடியாத நிலை. ஏற்கனவே வாங்கிப்போட்டிருந்த கேட்காவ் நிலத்துக்கு எல்லோரும் போனார்கள். அதுதான் முக்தி மிஷன் ஆனது. 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு எண்ணிக்கை 2,000-ஐ நெருங்கியது.

இங்கே வந்தவர்கள் உயர்சாதி விதவைகள் மட்டும் இல்லை. பல சாதி, பல மொழி. கைவிடப்பட்டவர்கள், பார்வை இல்லாதவர்கள், வயசானவர்கள். சாரதா சதன் போல இது மத நடுநிலை நிறுவனமும் அல்ல, வெளிப்படையாகக் கிறிஸ்தவ நிறுவனம். 1907-ல் தன் ஆன்மிகப் பயணத்தை ஆங்கிலத்தில் ஒரு சாட்சியமாக எழுதினார்.

18 ஆண்டுகள் எடுத்த கடைசி வேலை

ஏறக்குறைய 1904-05ல் அவர் பைபிளை மராத்தியில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். மராத்தியில் பைபிள் ஏற்கனவே இருந்தது. அப்புறம் எதற்கு இன்னொன்று?

இருந்த மொழிபெயர்ப்பு சம்ஸ்கிருதம் கலந்தது, படித்தவர்களுக்கானது. பஞ்சத்திலிருந்து வந்து, இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அது புரியவில்லை. அவளுக்குப் புரியும் மராத்தி வேண்டும் என்று நினைத்தார். அதற்காக, நடுவயதைத் தாண்டியபின் ஹீப்ருவும் கிரேக்கமும் படித்தார். மூலத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சம்ஸ்கிருதத்தால் பட்டம் வாங்கியவர். இங்கிலாந்தில் சிலுவைக்குக்கூட சம்ஸ்கிருத வாசகம் கேட்டவர். அதே ஆள், கடைசி 18 ஆண்டுகள் உட்கார்ந்து, தன் மராத்தியிலிருந்து சம்ஸ்கிருதத்தைச் சொல் சொல்லாக உருவி எடுத்தார். மதக் காரணமும் இருந்தது, பழைய நம்பிக்கைகளின் சாயல் உள்ள சொற்கள் வேண்டாம் என்று கருதினார். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, எதிரே உட்கார்ந்திருக்கும் வாசகி.

அச்சு கோத்தது, அச்சிட்டது எல்லாம் முக்தி மிஷன் பெண்கள். 1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தார். வேலை நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று, 64 வயது முடிய சில நாட்களே இருக்கும்போது, ரமாபாய் காலமானார். முழு பைபிள் 1924-ல் வெளியானது. அது மற்ற மொழிபெயர்ப்புகளை ஓரங்கட்டிப் பரவலாகிவிடவில்லை. மராத்தியில் இன்றும் பெரும்பாலும் வேறு பதிப்புகளே புழங்குகின்றன.

தமிழ்நாட்டில் அப்போது என்ன நடந்தது?

ரமாபாயின் ஆங்கிலப் புத்தகம் வந்த அதே 1887-ல், மெட்ராஸில் ஒரு கிறிஸ்தவ எழுத்தாளரின் நாவல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. கிருபாபாய் சத்தியநாதனின் 'சகுணா'. அவர் பிறந்தது மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில், வாழ்க்கைப்பட்டது மெட்ராஸில். மருத்துவம் படிக்கச் சேர்ந்து, உடல்நலத்தால் நிறுத்தியவர். 1894-ல் 32 வயசில் இறந்துபோனார். படிக்க ஆசைப்படும் பெண், மதம் மாறிய குடும்பம், இரண்டு பக்கமும் முழுதாகச் சேராத வாழ்க்கை என்று 'சகுணா'வும் ரமாபாயின் கடிதங்களும் பல இடங்களில் பேசிக்கொள்வது போலவே இருக்கும்.

சாரதா சதன் திறந்து 23 ஆண்டுகள் கழித்து, 1912-ல், சிறுவயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி எழும்பூரில் இளம் விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். மதம் வேறு, ஊர் வேறு. பிரச்சினை ஒன்றே.

எங்கிருந்து படிக்கலாம்?

மராத்தி தெரியாதது தடை இல்லை. சமூகவியலாளர் மீரா கோசம்பி ரமாபாயின் முக்கிய எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்திருக்கிறார், அமெரிக்கப் பயண நூலையும் மொழிபெயர்த்திருக்கிறார். காலப் பின்னணி வேண்டுமானால் உமா சக்ரவர்த்தியின் 'ரீரைட்டிங் ஹிஸ்டரி' இருக்கிறது. முதலில் 1887-ம் ஆண்டுப் புத்தகத்தைப் படியுங்கள். சின்னதுதான், இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம். அடுத்து கடிதங்கள். பிறகு அமெரிக்கா.

1989-ல் இந்திய அரசு ரமாபாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது. முக்தி மிஷன் இன்றும் இயங்குகிறது. ஆனாலும் மகாராஷ்டிரத்தின் சீர்திருத்த வரலாற்றில் அவர் பெயர் வெகுகாலம் ஓரத்தில்தான் இருந்தது. ஒரு தரப்புக்கு அவர் மதம் மாறிப் போனவர். இன்னொரு தரப்பு அவரைப் புனிதர் ஆக்கி, கேள்வி கேட்ட கடிதங்களைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டு பிம்பங்களிலும் எழுத்தாளர் தொலைந்துபோகிறார்.

1882-ல் அவர் எழுதியது, ஏற்கனவே படிக்கத் தெரிந்த சில நூறு குடும்பங்களுக்காக. கடைசியாக எழுதியது, அவரே எழுத்தறிவித்த பெண்களுக்காக. தன் மேதமையைக் காட்டும் மொழியை விட்டுவிட்டு வாசகியின் மொழிக்கு வர அவருக்கு 40 ஆண்டுகள் ஆயிற்று. ரமாபாயின் புத்தகங்களை ஆண்டு வரிசையில் படித்தால், அந்த 40 ஆண்டு நடையும் கூடவே தெரியும்.